கயாக்கில் மீன்பிடிக்கப் போறீங்களா? துடுப்பு வாங்கும் முன் இதைப் படிங்க!

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் அறை எடுத்துத் தங்குபவர்கள், கிரிவலம் முடிந்த மறுநாள் எங்கே போகலாம் என்று கேட்டால் உள்ளூர்க்காரர்கள் சொல்லும் இடங்களில் சாத்தனூர் அணை கட்டாயம் இருக்கும். தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. நீர்மட்ட உயரம் 119 அடி. கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி என்று மீன்களும் உண்டு. அணைக்கரைக் கடைகளில் சுடச்சுட வறுத்த மீன் சாப்பிடாமல் திரும்பி வருபவர்கள் குறைவு.

அந்த மீன் கரைக்கு வரும் வண்டி, பரிசல். வட்டமான பரிசலில் ஓர் ஆள், ஒரு வலை, கையில் ஒரே ஒரு துடுப்பு. மோட்டார் கிடையாது. பார்க்கிற நமக்கு, 'இவ்வளவுதானா விஷயம்? நாமும் ஒரு படகு வாங்கினால் என்ன?' என்று தோன்றும்.

இப்போது அந்த ஆசை நிறைவேறுவது சுலபமாகிவிட்டது. காற்றடித்துப் பயன்படுத்தும் கயாக் முதல், தூண்டில் மாட்டும் வசதியோடு வரும் பிளாஸ்டிக் கயாக் வரை ஆன்லைனிலேயே கிடைக்கின்றன. வாங்குபவர்கள் படகின் நிறம், சீட், தூண்டில் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் பத்து முறை பார்க்கிறார்கள். துடுப்பை மட்டும் 'கூடவே ஒன்னு தருவாங்கல்ல' என்று விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீரில் இறங்கிய பிறகுதான் தெரியும். படகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது துடுப்புதான். அதை எப்படித் தேர்வு செய்வது? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- துடுப்பின் நீளத்தை உங்கள் உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை. படகின் அகலமும் சீட்டின் உயரமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.
- மீன்பிடிக் கயாக்குகள் அகலமானவை. பெரும்பாலானவர்களுக்கு 230 முதல் 250 செ.மீ. வரை தேவைப்படும்.
- கூடுதல் காசு செலவழிக்க முடிந்தால், முதலில் எடை குறைவான துடுப்புக்குச் செலவழியுங்கள்.
- துடுப்பைப் படகோடு இணைக்கும் கயிறு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.
- எதிர்க்காற்றில் களைப்போடு திரும்பி வரும் நேரத்தை மனதில் வைத்துத் துடுப்பு வாங்குங்கள்.

பரிசலுக்கு ஒரு பக்கத் துடுப்பு, கயாக்குக்கு ஏன் இரண்டு பக்கம்?

முதலில் இந்த வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

பரிசல் வட்டமானது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. ஒரு பக்கமாகத் துடுப்புப் போட்டால் அது அப்படியே சுற்றும். அதனால் பரிசல்காரர் போக வேண்டிய திசையைப் பார்த்து விளிம்பருகே உட்கார்ந்து, துடுப்பைத் தனக்கு முன்னால் தண்ணீரில் இறக்கி, இடமும் வலமுமாக வளைத்துத் தன் பக்கம் இழுக்கிறார். பரிசல் அந்தப் பக்கமாக நகர்கிறது. இதற்கு ஒரு பிளேடு உள்ள குட்டையான துடுப்பே போதும். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்கள் இதை நேரில் பார்த்திருப்பீர்கள்.

கயாக் அப்படியில்லை. அது நீளமானது, நேராகப் போவதற்காகவே செய்யப்பட்டது. வட துருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள் சீல், மீன் வேட்டைக்காக உருவாக்கிய படகு அது. உள்ளே கால் நீட்டி, தண்ணீர் மட்டத்துக்கு மிக அருகில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் மறுபக்கம் திரும்பிவிடும். அதனால் வலது, இடது என மாறி மாறித் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் துடுப்பைக் கை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. எனவே நடுவில் தண்டு, இரு முனைகளிலும் தண்ணீரைத் தள்ளும் அகலமான பிளேடு.

அதாவது, துடுப்பு என்பது படகின் வடிவத்துக்கு ஏற்ப மாறும் கருவி. 'நல்ல துடுப்பு' என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் படகுக்கும் உங்கள் உடம்புக்கும் பொருந்துவதுதான் நல்ல துடுப்பு.

நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பாகம், ஒரு முழம்!

கிரீன்லாந்து கயாக்காரர்களிடம் டேப் இல்லாத காலத்திலேயே ஒரு கணக்கு இருந்தது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் வரும் அளவு, அதோடு முழங்கை முதல் விரல் நுனி வரை உள்ள அளவு. இரண்டையும் கூட்டினால் துடுப்பின் நீளம்.

நமக்கு இது புது அளவே இல்லை. கை விரித்த அளவைத்தான் நம் கடலோர மீனவர்கள் 'பாகம்' என்கிறார்கள். கடலின் ஆழத்தை அதில்தான் சொல்வார்கள். முழங்கை அளவு, பூக்கடையில் நாம் கேட்கும் அதே 'முழம்'. ஆக, ஒரு பாகமும் ஒரு முழமும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கை விரித்த அளவு பெரும்பாலும் நம் உயரத்துக்குச் சமமாகவே இருக்கும். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு அது சுமார் 168 செ.மீ. முழம் சுமார் 45 செ.மீ. மொத்தம் 213 செ.மீ.

'அப்போ 213 செ.மீ. துடுப்பு வாங்கிடலாமா?' என்றால், அவசரப்படாதீங்க. அந்தக் கணக்கு, இடுப்பை ஒட்டினாற்போல இருக்கும் ஒல்லியான கயாக்குக்கானது. மீன்பிடிக் கயாக் அப்படி இருக்காது. மீனை இழுக்கும்போது கவிழக்கூடாது, சில மாடல்களில் எழுந்து நின்று தூண்டில் வீச வேண்டும் என்பதற்காக அதை அகலமாகச் செய்கிறார்கள். ஒல்லியான கயாக் 22 அங்குல அகலம் என்றால், மீன்பிடிக் கயாக் 32 அங்குலம்கூட இருக்கும். பத்து அங்குலம் கூடுதல், அதாவது 25 செ.மீ. அந்த அகலத்தைத் தாண்டித்தான் பிளேடு தண்ணீரைத் தொட வேண்டும். 213-உடன் 25-ஐக் கூட்டுங்கள். 238 வருகிறது. கடையில் 240 செ.மீ. துடுப்பைக் கேட்க வேண்டியதுதான்.

இது தோராயமான கணக்குதான். ஆனால் துடுப்புக் கடைகள் பின்பற்றும் பொதுவான அளவுகளும் இதை ஒட்டியே இருக்கின்றன:

- படகின் அகலம் 28 அங்குலத்துக்குக் கீழ்: 220 – 230 செ.மீ.
- 28 முதல் 32 அங்குலம்: 230 – 240 செ.மீ.
- 32 அங்குலத்துக்கு மேல்: 240 – 250 செ.மீ.

ஐந்தரை அடிக்குக் குறைவான உயரம் உள்ளவர்கள் இதில் சிறிய அளவையும், ஆறடியை நெருங்குபவர்கள் பெரிய அளவையும் எடுத்துக்கொள்ளலாம்.

சீட் உயரத்தை மறந்துடாதீங்க

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். விலை கூடிய மீன்பிடிக் கயாக்குகளில் நாற்காலி போல உயர்த்தப்பட்ட சீட் இருக்கும். முதுகுக்கு வசதி, தண்ணீருக்குள் பார்ப்பதும் எளிது. ஆனால் நீங்கள் எவ்வளவு உயரத்தில் உட்காருகிறீர்களோ, துடுப்பு அவ்வளவு கீழே இறங்கியாக வேண்டும்.

உயர்த்தப்பட்ட சீட் என்றால், மேலே சொன்ன அளவோடு ஏறக்குறைய 10 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். சில படகுகளில் சீட்டை ஏற்றி இறக்கலாம். அப்படிப்பட்ட படகு வைத்திருப்பவர்களுக்காக, 240-லிருந்து 250 அல்லது 250-லிருந்து 260 என நீட்டிக் குறைக்கக்கூடிய துடுப்புகளும் வருகின்றன.

துடுப்பு குட்டையாக இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் சாய்ந்து தள்ள வேண்டும். படகு ஆடும். கை விரல் படகின் விளிம்பில் இடிக்கும். தண்ணீர் மடியில் கொட்டும். ரொம்ப நீளமாக இருந்தால்? பிளேடு படகை விட்டுத் தள்ளிப் போய் விழும். ஒவ்வொரு தள்ளலுக்கும் படகின் மூக்கு பக்கவாட்டில் திரும்பும். அதைச் சரிசெய்யவே பாதி சக்தி போய்விடும்.

300 கிராம் வித்தியாசம் பெரிய விஷயமா?

கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கிலோ துடுப்புக்கும் 1.3 கிலோ துடுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் தெரியும்.

ஒரு சின்ன கணக்கு. நிமிடத்துக்கு 40 முறை துடுப்புப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் மணி நேரத்தில் 1,800 முறை. ஒவ்வொரு முறையும் 300 கிராம் கூடுதலாகத் தூக்கினால், மொத்தம் 540 கிலோ. அரை டன்னுக்கும் மேல்! தோளும் மணிக்கட்டும் வலிக்காமல் என்ன செய்யும்?

அதனால்தான் அனுபவசாலிகள், 'படகில் மிச்சம் பிடித்தாலும் துடுப்பில் மிச்சம் பிடிக்காதே' என்பார்கள். எடையை முடிவு செய்வது தண்டு எதனால் ஆனது என்பதுதான்.

*அலுமினியத் தண்டு, பிளாஸ்டிக் பிளேடு:* விலை குறைவு. அடிபட்டாலும் தாங்கும். எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல். நம் ஊர் வெயிலில் தண்டு நன்றாகவே சுடும். வருடத்துக்கு நாலைந்து முறை, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவேன் என்பவர்களுக்கு இது போதும். பழகிய பிறகு இதையே மாற்றுத் துடுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

*ஃபைபர்கிளாஸ் தண்டு:* எடை 900 கிராம் அருகில் இருக்கும். வெயிலில் அலுமினியம் அளவுக்குச் சுடாது. விலையும் நடுத்தரம். மாதம் இரண்டு முறையாவது போகிறவர்களுக்கு இதுவே சரியான தேர்வு.

*கார்பன் ஃபைபர்:* மிகவும் இலகு. 800 கிராமுக்குக் கீழேயும் கிடைக்கும். விலை அதிகம். பாறையில் ஊன்றித் தள்ளுவது, கரையில் வீசி எறிவது எல்லாம் இதற்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. அலுமினியம், கார்பன் இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கு மேலே மின்கம்பி போகும் இடங்களில் துடுப்பைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. வானம் இருட்டி இடி கேட்டால், துடுப்பு எதனால் ஆனதாக இருந்தாலும் உடனே கரையேறிவிட வேண்டும்.

பிளேடு அகலமா? ஒல்லியா?

'அகலமான பிளேடு என்றால் வேகமாகப் போகலாம்' என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பாதி உண்மை. அகலமான பிளேடு ஒவ்வொரு தள்ளலிலும் அதிகத் தண்ணீரைத் தள்ளும். ஆனால் அதற்கான பலத்தை உங்கள் தோள்தான் தர வேண்டும். மேட்டில் சைக்கிளைக் கனமான கியரில் மிதிப்பது போலத்தான் இது.

துடுப்புப் போடுவதில் இரண்டு பாணிகள் உண்டு. ஒன்று, தண்டைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பிடித்து, படகை ஒட்டித் தள்ளுவது. வேகம் அதிகம், களைப்பும் அதிகம். இதற்குக் குட்டையான துடுப்பும் அகலமான பிளேடும் தேவை. இன்னொன்று, தண்டைத் தாழ்வாக, படுக்கை வாட்டில் பிடித்து நிதானமாகத் தள்ளுவது. இதற்கு நீளமான துடுப்பும் ஒல்லியான பிளேடும் பொருந்தும்.

மீன்பிடிக்கப் போகிறவருக்குப் பந்தயம் கிடையாது. காலையில் கிளம்பி, அங்கங்கே நின்று, மதியத்துக்குள் திரும்ப வேண்டும். அதனால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது பாணிதான் சரி. நடுத்தர அகலமும் நீண்ட வடிவமும் கொண்ட பிளேடைத் தேர்வு செய்யுங்கள். நீர்ப்பாசி, ஆகாயத்தாமரை உள்ள ஏரிகளில் ஒல்லியான பிளேடு சிக்காமல் வெளியே வரும் என்பது கூடுதல் லாபம்.

தூண்டில்காரர்களுக்கு மட்டும் தேவைப்படும் வசதிகள்

சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கும் மீன்பிடிக்கப் போகிறவருக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. மீன் சிக்கியதும் இவருக்கு இரண்டு கையும் தேவை. துடுப்பைக் கீழே வைத்தாக வேண்டும். அதனால் இவற்றைப் பாருங்கள்.

*இணைப்புக் கயிறு:* டெலிஃபோன் வயர் மாதிரி சுருண்டு நீளும் கயிறு இது. ஒரு முனை துடுப்பில், மறுமுனை படகில். உங்கள் கையிலோ இடுப்பிலோ கட்டவே கூடாது. கவிழ்ந்தால் அதுவே சிக்கலாகிவிடும். 'துடுப்பு மிதக்குமே, விழுந்தால் எடுத்துக்கலாம்' என்று நினைக்காதீங்க. துடுப்பு தண்ணீரோடு படிந்து மிதக்கும். படகும் நீங்களும் காற்றுக்கு எதிரே சுவர் மாதிரி நிற்பீர்கள். காற்று படகைத்தான் வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும். துடுப்பு கண் முன்னாலேயே பின்தங்கிப் போகும். பரிசல்காரர் துடுப்பை மடியை விட்டு இறக்காமல் வலை இழுப்பது சும்மா இல்லை.

*பிளேடில் ஒரு வெட்டு:* மீன்பிடிப்புக்கென வரும் சில துடுப்புகளில் பிளேடின் விளிம்பில் சிறிய கொக்கி போன்ற வெட்டு இருக்கும. கிளையில் மாட்டிக்கொண்ட தூண்டில் நரம்பை எட்டி இழுக்க உதவும்.

*தண்டில் அளவுக்கோடு:* பிடித்த மீனை அளக்கலாம். குட்டி மீன் என்றால் திரும்ப விட்டுவிடலாம்.

*சொட்டு வளையம்:* தண்டின் இரு பக்கமும் மாட்டும் ரப்பர் வளையம். பிளேடிலிருந்து வழியும் தண்ணீர் கைக்கும் மடிக்கும் வராமல் தடுக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் ஈரக் கையோடு தூண்டில் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

*பளிச்சென்ற நிறம்:* ஆரஞ்சு, மஞ்சள், எலுமிச்சைப் பச்சை. தாழ்வாகப் போகும் கயாக்கை மற்ற படகுகள் கவனிப்பதே கஷ்டம். மேலும் கீழும் ஆடும் பளிச் பிளேடு தூரத்திலிருந்தே தெரியும். கறுப்பு பிளேடு பார்க்க ஸ்டைலாக இருக்கும், தண்ணீரில் தெரியாது.

*நடு இணைப்பு:* பெரும்பாலான துடுப்புகள் இரண்டாகக் கழற்றும்படி வரும். காரிலோ பஸ்ஸிலோ கொண்டுபோக வசதி. வாங்கும்போது மாட்டி ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வேண்டாம். உப்புநீரில் பயன்படுத்தினால், வீட்டுக்கு வந்ததும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் இறுகிப்போய் கழற்றவே வராது.

'என்னுடையது பெடல் கயாக், எனக்கு எதுக்குத் துடுப்பு?' என்று கேட்கலாம். ஆழம் குறைந்த இடத்திலும் பாசியிலும் பெடல் சிக்கிக்கொள்ளும். அப்போது துடுப்பு இல்லையென்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கடையில் ஐந்து நிமிட சோதனை

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும், முதலில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள்.

1. உங்கள் படகின் அகலத்தையும் சீட் உயரத்தையும் வீட்டிலேயே டேப் வைத்து அளந்து, போனில் குறித்துக்கொண்டு போங்கள்.

2. துடுப்பின் நடுப்பகுதியைத் தலை மேல் வைத்துப் பிடியுங்கள். இரண்டு முழங்கையும் 'ட' மாதிரி நேர்கோணத்தில் மடங்கும் இடம்தான் நீங்கள் பிடிக்க வேண்டிய இடம்.

3. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் காற்றில் துழாவுங்கள். வெட்கப்பட வேண்டாம். மணிக்கட்டு மடங்கி வலித்தால் தண்டின் பருமன் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். சிறிய கை உள்ளவர்களுக்கு ஒல்லியான தண்டு கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

4. ஒரு கையால் மட்டும் நடுவில் பிடித்துத் தூக்குங்கள். ஒரு கையில் தூண்டில் இருக்கும்போது மறு கையால் படகைத் திருப்ப வேண்டி வரும். அப்போது சமாளிக்க முடியுமா என்று பாருங்கள்.

5. இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் இருக்கும்படி வைத்துப் பழகுங்கள். நடு இணைப்பில் பிளேடுகளைக் கோணம் மாற்றி வைக்கும் துளைகள் இருக்கும். எதிர்க்காற்றில் அது உதவும் என்றாலும், புதியவர்களுக்குக் குழப்பம்தான் மிச்சம்.

நல்ல துடுப்பு, தப்பான பிடி

சரியான துடுப்பு வாங்கியும் கை வலிக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கிறார்கள்.

முதலாவது, துடுப்பைத் திருப்பிப் பிடிப்பது. பிளேடில் லேசான குழி இருக்கும் பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். பிளேடில் ஒரு விளிம்பு நீளமாக இருந்தால் அது மேலே வர வேண்டும். பிளேடில் உள்ள கம்பெனி பெயரை நேராகப் படிக்க முடிந்தால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, இறுக்கிப் பிடிப்பது. உலக்கையைப் பிடிப்பதுபோல முறுக்கிப் பிடித்தால் அரை மணியில் முன்கை கல்லாகிவிடும். தண்டு விரல்களுக்குள் லேசாக உருள வேண்டும்.

மூன்றாவது, கையால் மட்டும் இழுப்பது. கையில் உள்ள தசை சின்னது, சீக்கிரம் களைக்கும். இடுப்புக்கு மேலே உடம்பை லேசாகத் திருப்பி, காலை அழுத்தி, முதுகின் பலத்தில் தள்ள வேண்டும். பிளேடைப் பாதத்தின் அருகே தண்ணீரில் இறக்கி, இடுப்பைத் தாண்டும்போது வெளியே எடுத்துவிடுங்கள்.

திரும்பி வரும் பாதைதான் உண்மையான பரீட்சை

விடிகாலையில் ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும். அப்போது எந்தத் துடுப்பும் நல்ல துடுப்புதான். வெயில் ஏற ஏறக் காற்று எழும்பும். அகலமான நீர்ப்பரப்பில் அந்தக் காற்றைத் தடுக்க மரமோ வீடோ கிடையாது. சிற்றலை கிளம்பும். நீங்கள் மூன்று மணி நேரம் வெயிலில் இருந்து களைத்திருப்பீர்கள். தண்ணீர் பாட்டில் காலியாகியிருக்கும். அந்த நேரத்தில் எதிர்க்காற்றில் துடுப்புப் போட வேண்டும்.

குட்டையான, கனமான துடுப்பின் விலை அப்போதுதான் தெரியும். அதனால் ஒரு எளிய வழி: போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளட்டும். பத்து நிமிடம் எதிர்க்காற்றில் போயும் கரையில் உள்ள மரம் நகர்ந்ததாகத் தெரியவில்லை என்றால், அன்றைக்கு மீன் வேண்டாம், திரும்பிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்குப் பின்னால் வைக்காமல் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

சாத்தனூர் அணையில் நாமே கயாக் இறக்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. அணைகளில் மீன்பிடிக்க உரிமம் வேண்டும், படகு இறக்கத் தனி அனுமதி வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அணையை ஒட்டியே வனத்துறையின் முதலைப் பண்ணை இருப்பது சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியும். முதலைகள் பண்ணையின் கம்பிவேலிக்குள் மட்டும் இல்லை, நீர்த்தேக்கத்திலும் உண்டு. அந்தத் தண்ணீரின் போக்கு தெரிந்த பரிசல்காரர்களோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்ள முடியாது.

அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கலாமா? அதுவும் ஆபத்துதான். ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் தவித்தது நினைவிருக்கும். அது அசாதாரண நாள்தான். ஆனால் அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படும் ஆற்றில் நீரோட்டம் எப்போது மாறும் என்பது படகில் இருப்பவர் கையில் இல்லை. அந்த வேகத்துக்கு எந்தக் கார்பன் துடுப்பும் ஈடுகொடுக்காது.

ரமணாசிரமத்துக்கு அருகிலுள்ள சமுத்திரம் ஏரி உட்பட எந்த ஏரியாக இருந்தாலும், அது யார் பொறுப்பில் இருக்கிறது, மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டே இறங்க வேண்டும். ஏலம் எடுத்து மீன் வளர்ப்பவரின் பிழைப்பு அது. கயாக் ஓட்டவே முதல் தடவை என்றால், சென்னை அருகே கோவளம், ராமேஸ்வரம் போன்ற இடங்களில் பயிற்சியாளரோடு கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அங்கே வெவ்வேறு நீளத் துடுப்புகளைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் முன் அதைவிட நல்ல சோதனை இல்லை.

பட்ஜெட் குறைவு, எதை முதலில் வாங்குவது?

வரிசை இதுதான். முதலில் லைஃப் ஜாக்கெட். அடுத்து சரியான நீளமுள்ள துடுப்பு, அலுமினியமாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது, அந்த இணைப்புக் கயிறு. கையில் காசு சேர்ந்ததும் ஃபைபர்கிளாஸுக்கு மாறலாம். பழைய அலுமினியத் துடுப்பைக் கழற்றிப் படகில் மாற்றாக வைத்துக்கொள்ளலாம். தூண்டில் ஸ்டாண்ட், மீன் தேடும் கருவி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாத்தனூர் பரிசலில் அந்தக் கருவிகள் எதுவும் கிடையாது. படகுக்கும் தன் கைக்கும் பொருந்திய ஒரு துடுப்பு இருக்கிறது. அதை வைத்துத்தான் அவர் மீனோடு கரைக்கு வந்து சேர்கிறார். நீங்களும் அந்த ஒன்றைச் சரியாகத் தேர்வு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.